நாஞ்சில் நாட்டில் எரிமலைக் கண்ணாடி தேடியது

கன்னியாகுமரி மாவட்டத்தில் எரிமலைக் கண்ணாடி (எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து உறைந்த கண்ணாடி) தேடிப் புறப்படுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் மலைகளில் அது கிடையாது, கிடைக்கவும் வழியில்லை. குளத்தங்கரையிலோ மலையடிவாரத்திலோ கறுப்பாகப் பளபளக்கிற எதையாவது பொறுக்கி, அப்சிடியன், அதாவது கறுப்பு எரிமலைக் கண்ணாடி, என்று பெயர் வைத்துப் படம் போடுகிறார்கள். அது உண்மையில் என்ன என்பதை வீட்டிலும் பட்டறையிலும் கிடக்கும் சாமான்களை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு நான் செய்த சோதனைகளை இங்கே எழுதி வைக்கிறேன். இடையில் உண்மையான எரிமலைக் கண்ணாடி ஒரு துண்டும் இந்த மாவட்டத்திலேயே கையில் வந்தது. அது தரையில் விளைந்ததல்ல, கடல் கொண்டுவந்து போட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தங்கை மகன். பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் அப்பா கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. இத்தாலியில் சிசிலித் தீவின் மிலாட்சோ துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் கட்டிக் கிடந்தபோது, எதிரே இருக்கும் லிப்பாரித் தீவுக்குப் படகில் போய் ஒரு அப்சிடியன் துண்டு வாங்கி வந்திருந்தார். அது ஷோகேஸில் இருக்கிறது. பையன் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் அதே மாதிரி ஒரு கறுப்புத் துண்டைப் பொறுக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"மாமா, அப்பா கொண்டுவந்ததும் இதும் ஒண்ணாக்கும். மருந்துவாழ்மலை ஒரு அணைஞ்ச எரிமலைன்னு வீடியோவுல சொல்லுதான்."

இரண்டையும் ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். குற்றம் சொல்ல முடியவில்லை. இரண்டும் மைக் கறுப்பு. உடைந்த இடத்தில் சிப்பியின் முதுகுபோல் வளைந்து வளைந்து வரி விழுந்திருந்தது. ஓரம் மெல்லிசான இடத்தில் வெளிச்சம் கசிந்தது. கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்கிற விஷயமில்லை என்று தெரிந்தது. நான் நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். செத்துப்போன மானிட்டரும் ஹார்டு டிஸ்க்கும் கடையில் மலைபோல் கிடக்கின்றன, அவை இந்த வேலைக்கு உதவும் என்று அப்போது நினைக்கவில்லை.

சந்தேகப் பொருளை மட்டும் சோதித்தால் ஒன்றும் விளங்காது. பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த பொருள்கள் வேண்டும். அதனால் கொஞ்சம் சேகரித்தோம். லிப்பாரித் துண்டு கையில் இருக்கிறது. பீர் பாட்டிலின் அடிப்பாகம் ஒன்று. கொல்லன் பட்டறை வாசலில் கிடந்த இரும்புச் சிட்டம் (உலைக் கசடு). கல்குவாரி லாரியிலிருந்து சாலையில் விழுந்த கருங்கல் சில்லு. கன்னியாகுமரி சன்னதித் தெருவில் சிப்பி, சங்கு விற்கும் கடைகளில் ஒன்றில் 'எரிமலைக் கண்ணாடி மணி' என்று கட்டிவைத்திருந்த கறுப்புக் கைவளையம். அதே தெருவில் பாக்கெட்டில் விற்கும் வண்ண மணல்.

முதல் சோதனை அடர்த்தி. இதற்கு நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று போதும், ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. கல்லை முதலில் அப்படியே எடை போட வேண்டும். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்க வேண்டும். கல்லை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான், வேறொன்றுமில்லை. கல் தள்ளும் தண்ணீரின் எடை டம்ளர் வழியாகத் தராசில் இறங்குகிறது. எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி.

கல்லின் மேல் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டால் கணக்கு கெடும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் ஒட்டாது. கையில் நூலைப் பிடித்தால் தராசு ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் ஒரு ஸ்கேலை நீட்டி, அதில் நூலைக் கட்டினோம். சின்னக் கல்லில் பிழை பெரிதாகத் தெரியும். முப்பது கிராமுக்கு மேல் இருந்தால் நம்பலாம்.

லிப்பாரித் துண்டு 61.3 கிராம், தண்ணீரில் 25.8. அடர்த்தி 2.38. அப்சிடியனுக்குப் புத்தகங்களில் சொல்வதும் 2.35 முதல் 2.4 வரைதான். பீர் பாட்டில் 48.2க்கு 19.3, அதாவது 2.50. ஜன்னல் கண்ணாடிக்கும் பாட்டில் கண்ணாடிக்கும் இதுதான் வழக்கமான எண். கருங்கல் 2.75. இரும்புச் சிட்டம் 3.24, கையில் எடுத்தாலே கனம் தெரியும், காந்தமும் லேசாக இழுத்தது. கைவளையத்தின் ரப்பரை வெட்டி மணிகளை மட்டும் போட்டுப் பார்த்தோம்: 26.4க்கு 10.6, அடர்த்தி 2.49. பாட்டிலும் அதுவும் பங்காளிகள். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, அவர் மொத்த வியாபாரி சொன்னதைச் சொல்லி விற்கிறார்.

பையனின் துண்டு 73.4 கிராம், தண்ணீரில் 31.2. வகுத்தால் 2.35.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சொன்னேன்லா" என்று துள்ளினான். நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் கடையில் சாலிடரிங் பார்க்க வைத்திருக்கும் லென்ஸில் அந்தத் துண்டை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். உடைந்த முகத்தில் ஊசிமுனை அளவில் உருண்டைக் குமிழ்கள் இருந்தன. உள்ளே காற்று இருந்தால் கனமான பொருளும் எடை குறைந்ததாகக் காட்டும். 2.6 உள்ள கண்ணாடி கொஞ்சம் குமிழோடு இருந்தால் 2.35க்கு இறங்கிவிடும். அப்சிடியனிலும் சில சமயம் குமிழ் உண்டு. ஆனால் எரிமலைக் குழம்பு வழிந்து ஓடுகிறபோது குமிழ்கள் நசுங்கி ஒரே திசையில் நீண்டு கிடக்கும், வரிவரியாகத் தெரியும். இதில் எல்லாம் அசையாமல் நின்று உருகியதுபோல் உருண்டையாக இருந்தன. அடர்த்திச் சோதனை கருங்கல்லையும் சிட்டத்தையும் விலக்க உதவும். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அது தடுமாறும்.

அடுத்தது, இது கண்ணாடிதானா அல்லது படிகமா என்ற கேள்வி. இதற்குப் பழைய எல்சிடி மானிட்டர் ஒன்று போதும். எல்சிடி திரையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒளியை ஒரு திசையில் மட்டும் அதிரவிடும் போலராய்டு படலம் ஒட்டியிருக்கும். முன்பக்கத்துப் படலம் சொரசொரப்பாக மங்கலாக இருக்கும், பின்பக்கத்தது தெளிவு. இரண்டும் பின்பக்கத்திலிருந்தே கிடைத்தால் நல்லது என்று ஒரே பேனலின் பின்படலத்தை உரித்து இரண்டாக வெட்டினேன். ஹேர் டிரையரால் மூலையைச் சூடாக்கிவிட்டு மெதுவாக இழுத்தால் வரும். அவசரப்பட்டால் பேனலின் கண்ணாடி நொறுங்கிக் கையில் ஏறும், கையுறை கட்டாயம். பசை முழுக்கப் போகாது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன், வேலைக்கு அது போதும்.

ஒரு படலத்தை போன் டார்ச்சின் மேல் வைத்து, அதன் மேல் கண்ணாடிச் சில்லில் மாதிரியைப் பரப்பி, இரண்டாவது படலத்தைக் குறுக்காகத் திருப்பி மேலே வைக்க வேண்டும். படலங்கள் சரியான கோணத்தில் வந்ததும் எல்லாம் இருண்டுவிடும். நடுவில் படிகம் இருந்தால் அது மட்டும் இருட்டில் விளக்குப் போட்டாற்போல் வண்ணத்தில் ஒளிரும். கண்ணாடி அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பவை, ஒளியைத் திருப்பத் தெரியாது, அதனால் இருட்டாகவே இருக்கும். கடற்கரை வெள்ளை மணலைத் தூவியதும் பையன் வாய் பிளந்தான். குவார்ட்ஸ் மணி ஒவ்வொன்றும் நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மின்னியது. லிப்பாரித் துண்டிலிருந்து எடுத்த மெல்லிய செதில் இருண்டது. பையனின் துண்டும் இருண்டது. பாட்டில் சில்லு இருண்டாலும் ஓரத்தில் சாம்பலாக ஒரு புகை தெரிந்தது. அச்சில் சீக்கிரம் குளிர்ந்த கண்ணாடிக்குள் இறுகி நிற்கும் விசை அது.

இங்கே ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் வாங்கிய சிவப்பு மணலும் இருண்டுபோனது. அது கார்னெட், நல்ல படிகம்தான். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அமைந்த படிகமாதலால் ஒளியைத் திருப்பாது. இந்தச் சோதனையை மட்டும் நம்பி யாராவது கன்னியாகுமரிச் சிவப்பு மணலைக் கண்ணாடித் தூள் என்று எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஆக, பையனின் துண்டு கண்ணாடி. இயற்கையா, மனிதன் செய்ததா என்பதுதான் பாக்கி. அதற்கு விடை கல்லில் இல்லை, கிடைத்த இடத்தில் இருந்தது.

ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் வட்டாரம் செங்கல் சூளைக்குப் பேர்போனது. குளத்து மண்ணை எடுத்து அறுத்துக் காயவைத்துச் சுடுகிறார்கள். அங்கே சூளை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் துண்டைக் காட்டினோம். கையில் வாங்கிப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இது சூளையில உருகுன கல்லாக்கும். வெறகு போடுற வாய்க்குப் பக்கத்துல அடுக்குன கல்லு அளவுக்கு மிஞ்சி வெந்துபோச்சுன்னா இப்பிடித்தான் உருகி ஒழுகும். எவனும் வாங்க மாட்டான். குளத்தங்கரையில குழி மூட ட்ரிப் ட்ரிப்பா அடிச்சுவிடுவோம்."

சொல்லிவிட்டுச் சூளையின் பின்பக்கம் கூட்டிப் போனார். நாலைந்து கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வெளியே கறுப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வழிந்து சொட்டு நின்றபடியே இறுகியிருந்தன. ஒன்றைத் துணியில் சுற்றிச் சுத்தியால் தட்டினோம். உள்ளே செங்கல், வெளியே பையன் கொண்டுவந்த அதே பொருள். தனிக் களிமண் சூளைச் சூட்டில் அவ்வளவு எளிதில் உருகாது. விறகுச் சாம்பலில் இருக்கும் பொட்டாஷும் சுண்ணாம்பும் மண்ணில் உள்ள மணலோடு சேர்ந்து உருகுநிலையைக் கீழே இறக்குகின்றன. சாம்பல் பறந்து விழும் தீவாய்ப் பக்கத்துக் கல் மட்டும் கண்ணாடி பூசிக்கொள்வது அதனால்தான். பழைய குயவர்கள் சிலர் உலகின் வேறு பக்கங்களில் இதையே வேண்டுமென்று செய்து மண்பாண்டத்துக்கு மெருகு ஏற்றியிருக்கிறார்கள்.

நான் இத்தோடு விட்டிருப்பேன். பையன் விடவில்லை. "சூளையிலும் இதே மாதிரி இருக்குன்னா, இது அதுதான்னு எப்பிடிச் சொல்ல முடியும்?" என்றான். நியாயமான கேள்வி. ஒரே மாதிரி இருப்பது ஒரே பொருள் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தன் துண்டும் அப்பா கொண்டுவந்ததும் ஒன்று என்று சொன்னபோது அவனுக்கு அது தோன்றவில்லை, சரி போகட்டும்.

கடைசிச் சோதனை நெருப்பு. அப்சிடியன் உள்ளே கொஞ்சம் தண்ணீர் பூட்டிக் கிடக்கிறது. ஆழத்தில் எரிமலைக் குழம்பில் நீர் கரைந்திருக்கும். மேலே வந்து சட்டென்று குளிர்கிறபோது பெரும்பகுதி ஆவியாகப் போய்விட, எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கண்ணாடிக்குள் மாட்டிக்கொள்ளும். மறுபடி நன்றாகச் சூடாக்கினால் கண்ணாடி இளகும், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை ஊதிவிடும். மனிதன் உருக்கிய கண்ணாடியில் அந்த நீர் இல்லை. நர்சரிக்காரர்கள் தொட்டி மண்ணில் கலக்கிற வெள்ளை உருண்டை, பெர்லைட், அதுவும் நீர் ஏறிய எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் ஊதவைத்ததுதான்.

என்னிடம் இருக்கும் ஹாட் ஏர் கன் 450 டிகிரிக்கு மேல் போகாது. அதனால் வடசேரிக்குப் போனோம். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் போடும் கெம்புக் கல் பதித்த கோயில் நகை அங்கேதான் தயாராகிறது, புவிசார் குறியீடும் பெற்றது. தெரிந்த ஆசாரி ஒருவர் பட்டறையில் கரிக்கட்டை மேல் வைத்துக் கேஸ் டார்ச்சால் ஊதித் தர ஒத்துக்கொண்டார். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். கல் சூட்டில் தெறிக்கும் என்று நான் முன்னரே சொல்லியிருந்தும் முதல் செதில் பட்டென்று வெடித்து எங்கோ பறந்தது. ஆசாரி முறைத்தார். பிறகு தூரத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றிப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

பாட்டில் சில்லு முதலில் ஓரம் மழுங்கி, சுருண்டு, பச்சை மணியாக உருண்டுவிட்டது. பையனின் துண்டிலிருந்து எடுத்த செதிலும் அப்படியே, அதைவிடக் கூடுதல் சூடு கேட்டது. இரண்டொரு குமிழ் மேலே வந்து உடைந்தது, பிறகு கறுப்பு மணி. லிப்பாரிச் செதில் உருகவே இல்லை. மஞ்சளாகக் கனன்றது, ஓரத்தில் வெளுத்தது, பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பத் தொடங்கியது. கறுப்பு எல்லாம் போய் வெள்ளைச் சாம்பல் நிறத்தில் நுரை.

"என்னய்யா இது, பொரி மாதிரில்லா பொரியுது!" என்று ஆசாரி டார்ச்சை அணைத்துவிட்டுக் குனிந்தார். ஆறியதும் தண்ணீரில் போட்டோம். மிதந்தது.

பையன் தன் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அதன் பிறகு அவன் அதை எரிமலை என்று சொல்லவில்லை.

நம் மாவட்டத்தில் ஏன் கிடைக்காது என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இப்போது காரணம் சொல்லலாம். கண்ணாடி என்பது அவசரத்தின் விளைவு. சிலிக்கா எழுபது சதவீதத்துக்கும் மேல் உள்ள குழம்பு பாகைவிடக் கெட்டியாக இருக்கும், அதற்குள் அணுக்கள் நகர்ந்து படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைக்குமுன் குளிர்ந்துவிட்டால் அப்சிடியன். லிப்பாரியில் ரொக்கே ரோஸ்ஸே என்ற கண்ணாடி ஓடை வழிந்து கிட்டத்தட்ட 800 ஆண்டுகள்தான் ஆகின்றன. எரிமலைக் கண்ணாடிக்கு ஆயுளும் குறைவு. நிலத்தடி நீரை உறிஞ்சி மெல்ல மெல்லப் படிகமாக மாறிவிடும். சில கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய அப்சிடியன் அபூர்வம்.

நம் பாறையோ நேர் எதிர். வேளிமலை, மருந்துவாழ்மலை, மகேந்திரகிரி என்று தொடங்கித் திருவனந்தபுரம் தாண்டியும் பரவியிருக்கும் இந்தப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு வெகு ஆழத்தில், எண்ணூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில் வெந்து உருமாறியவை. சார்னோக்கைட், கார்னெட் கலந்த நைஸ், கோண்டலைட் என்று பெயர். அவசரமே இல்லாமல், கோடிக்கணக்கான ஆண்டு மெல்லக் குளிர்ந்ததால் ஒவ்வொரு மணியும் கண்ணுக்குத் தெரிகிற படிகமாக வளர்ந்துவிட்டது. குவாரியில் புதிதாக உடைத்த சார்னோக்கைட் எண்ணெய் தடவினாற்போல் கரும்பச்சையாக மினுங்கும், அதைப் பார்த்தும் சிலர் ஏமாறுகிறார்கள். லென்ஸில் பார்த்தால் மணிமணியாகத் தெரியும். இந்தச் சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் பாறையிலிருந்து போனது, அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பாறைக்கே அவர் பெயரை வைத்தார். மருந்துவாழ்மலை கூம்பாக இருப்பது வெயிலும் மழையும் அரித்த வடிவம். எரிமலை வாய் அங்கே தேடி ஏறுகிறவர்களுக்கு மூலிகைக் காற்றாவது கிடைக்கும்.

மலை கைவிட்ட பிறகு கடற்கரைக்குப் போனது என் யோசனை. கண்ணாடி தேடி அல்ல, கறுப்பு மணலைப் பையனுக்குக் காட்டத்தான். கன்னியாகுமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோனதும் சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் வண்ண மணலாகிவிட்டன என்று கதை சொல்வார்கள். மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கம் அலை ஒதுக்கிய மேட்டில் கறுப்பும் சிவப்பும் கோடுகோடாகக் கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், கூடவே ரூட்டைல், சிர்க்கான், சில்லிமனைட், மஞ்சள் மோனசைட். மேலே சொன்ன அதே பாறைகள் கரைந்து ஆற்றோடு இறங்கி வந்தவை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மணலின் மேல் நகர்த்தினால் இல்மனைட் ரோமம்போல் எழுந்து நிற்கும், கார்னெட்டும் தயங்கித் தயங்கி ஒட்டும். பையை உருவினால் மணல் கீழே கொட்டிவிடும், காந்தத்தில் ஒட்டிய மணலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிட்டு வாருங்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிற கனிமம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்றைக்குத் தோரியம் காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. இன்று அங்கே இருக்கும் மணல் ஆலைக்கு வேர் அந்தக் கயிறு.

இனி அந்தத் துண்டு.

இராஜாக்கமங்கலம் துறைப் பக்கம், தை மாதம் கழிந்த சமயம். அலை ஒதுக்கிய குப்பை வரிசையில் செருப்பு, தெர்மோகோல், தேங்காய் மட்டை, கணவாய் ஓடு. அதற்கு நடுவில் எலுமிச்சைப் பருமனில் சாம்பல் நிறக் கல். கையில் எடுத்தால் எடையே இல்லை. கரமடி வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன்.

"மெதக்குற கல்லாக்கும் பிள்ளே. கார்த்திகை கழிஞ்சா எப்பவாவது ஒண்ணு ரெண்டு ஒதுங்கும். எங்க வீட்டுக்காரி குதிகால் தேய்க்க எடுத்து வெப்பா."

குதிகால் தேய்க்கிற கல் என்றதும் வேறு சந்தேகம் வந்தது. கடையில் அந்த வேலைக்கு விற்பதில் பாதி செயற்கை நுரைக் கண்ணாடி. யாராவது கடலில் எறிந்ததாக இருக்கலாம். ஆனால் இதன் ஒரு பக்கத்தில் வெள்ளையாகச் சுருண்ட புழுக்குழாய்களும் கொட்டலசு (மிதக்கும் பொருளில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) ஒட்டிப் பிய்ந்த வட்டத் தழும்புகளும் இருந்தன. அவை வளரவேண்டுமானால் கல் கடலில் பல மாதம் மிதந்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் மிதந்த பிறகும் தண்ணீர் குடித்து மூழ்காமல் கரைக்கு வந்திருக்கிறது.

எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் சுறுசுறுவென்று நுரைத்தது. சுண்ணாம்பு என்றால் நுரைக்கும், அப்படியானால் பவளம் அல்லது கணவாய் ஓடு. பையன் முகம் வாடியது. நுரைத்தது புழுக்குழாய்தான். கத்தியால் அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக உடைந்த முகத்தில் விட்டால் சாறு சும்மா ஊறி இறங்கியது. இரண்டு பக்கத்திலும் விட்டுப் பார்க்காமல் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

உப்புப் போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மாற்றி மாற்றி அலசி, வெயிலில் காயவைத்தோம். எடை 14.2 கிராம். மிதக்கிற கல்லுக்கு நூல் உதவாது. தையல் ஊசியால் குத்தி தண்ணீருக்குள் அமுக்கினால் தராசு 21.9 காட்டியது. அடர்த்தி 0.65. அமுக்குகிறபோது வேகமாகப் படிக்க வேண்டும், தாமதித்தால் துளைகளுக்குள் தண்ணீர் புகுந்து எண் மெல்லக் குறையும்.

பிறகு ஒரு ஓரத்தைத் தட்டிப் பொடியாக்கினோம். பொடி தண்ணீரில் மூழ்கியது. மிதக்கவைத்தது கல் அல்ல, அதற்குள் அடைபட்டிருந்த காற்று. பொடியைப் பாக்கெட் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது நிறமே இல்லாத சில்லுகள், வளைந்தும் இழைஇழையாக நீண்டும், உடைந்த பல்பின் ஓடு போன்ற விளிம்போடும் கிடந்தன. குமிழ்களுக்கு நடுவே இருந்த சுவர்கள் அவை. இரண்டு போலராய்டு படலத்துக்கு நடுவில் வைத்தால் சில்லுகள் எல்லாம் இருண்டன, அங்கங்கே ஒன்றிரண்டு மணி மட்டும் ஒளிர்ந்தது. கண்ணாடிக்குள் வளரத் தொடங்கியிருந்த ஃபெல்ட்ஸ்பார் படிகங்களாக இருக்க வேண்டும்.

வடசேரியில் டார்ச் அடியில் லிப்பாரிச் செதில் என்னவாக மாறியதோ, அதே பொருள் இது: நுரைக்கல். அப்சிடியனும் நுரைக்கல்லும் ஒரே குழம்பு. நீராவி வெளியேறிய பிறகு வழிந்தால் கறுப்புக் கண்ணாடி, நீராவி உள்ளிருந்து ஊதிக்கொண்டே வெடித்து வெளியேறினால் வெள்ளை நுரை. லிப்பாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன, நுரைக்கல் சுரங்கமே அங்கே நடந்தது.

எந்த எரிமலை என்று சொல்ல அதில் உள்ள சுவட்டுத் தனிமங்களை அளக்கும் கருவி வேண்டும், தராசுக்கும் எலுமிச்சைக்கும் அது எட்டாது. ஆனால் கிழக்கிலிருந்து வர வழி இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குத் தெற்கே கடல் நீரோட்டம் மேற்கு நோக்கி ஓடும். பெரியவர் சொன்ன கார்த்திகைக் கணக்கு அதற்குப் பொருந்துகிறது. 1883 ஆகஸ்டில் கிரகடோவா வெடித்தபோது நுரைக்கல் மிதவைகள் இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து அடுத்த ஆண்டு ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் ஒதுங்கின. இந்தோனேசியாவில் எரிமலைகளுக்குப் பஞ்சமில்லை. இந்தியாவில் இப்போது செயல்படுகிற ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் (Barren) தீவு.

நீங்கள் தேடப் போனால் மார்கழி முதல் மாசி வரை, அலை உச்சத்தில் ஒதுக்கிய குப்பை வரிசையை மட்டும் பார்த்து நடங்கள். ஈர மணலில் கிடைக்காது, எடையில்லாத பொருள் எல்லாம் மேட்டில் போய்த் தங்கும். தெர்மோகோலும் உருகி உருண்ட பிளாஸ்டிக்கும் நிறையவே ஏமாற்றும். நகத்தால் அழுத்தினால் அமுங்குவது தெர்மோகோல், சூடான ஊசி இறங்குவது பிளாஸ்டிக். கணவாய் ஓட்டை நகம் கீறும், சாறு பட்டால் நுரைக்கும். நுரைக்கல்லை நகம் கீறாது, நகம்தான் தேயும். உடைக்கிறபோது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி கண்ணாடித் தூசி.

பையன் ஷோகேஸில் இப்போது மூன்றையும் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறான். சூளைக் கண்ணாடிக்கு 'ஆரல்வாய்மொழி, செங்கல் சூளை' என்று எழுதியிருக்கிறான். நுரைக்கல்லுக்கு ஊர் எழுத வேண்டிய இடத்தில் 'இராஜாக்கமங்கலம் துறை' என்று எழுதி, பக்கத்தில் 'வழியில்' என்று சேர்த்திருக்கிறான். அவன் அப்பாவின் கப்பல் அடுத்து எந்தத் துறைக்குப் போகிறது என்று வரைபடத்தில் பார்த்து, அங்கே எரிமலை இருக்கிறதா என்று என்னிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறான்.